வெளித் தாழ்ப்பாள்

அக்காவுக்கு,

அங்கே உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

சாரல் சீசனுக்காகக் குற்றாலத்தில் எங்கள் கல்லூரி வைத்த ஓவியக் கண்காட்சி போன வாரம் முடிந்தது. நான் வரைந்தது நம் மாடியறைக் கதவை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும். படத்தின் அருகில் நின்று விளக்க வேண்டும் என்றார்கள். உன்னைப் பற்றித்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அப்பா முன்னால் வந்து நின்றார்.

"மரக் கதவுல வெயில் விழுதத காட்டியிருக்கேன்" என்றேன்.

"உள்ள யாரும்மா இருக்கா?" என்று ஆசிரியை கேட்டார்.

"யாருமில்ல, மேடம்."

பரிசு கிடைத்தது. அப்பா படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டார். அது எந்தக் கதவு என்று அவருக்குத் தெரியும். யார் வந்தாலும், "ஏட்டி, இங்கன வந்து படத்த வெளக்கிச் சொல்லு" என்று கூப்பிடுகிறார். வெயில், நிழல் என்று நானும் சொல்கிறேன். இப்போது திக்குவதே இல்லை.

உன்னிடமாவது சரியாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் நீ அந்த அறையில் இருந்த பதினோரு நாளும் அப்பா சொல்லித்தான் பூட்டினேன் என்று நினைத்திருப்பாய். ஒன்பதாம் நாள் அவர் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். அம்மாவும் வீட்டில் இல்லை. உனக்குச் சோறு வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல், நானேதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

உன் தங்கச்சி