இடப்பக்கம் மின்னிய விளக்கு

வெள்ளிக்கிழமை, இரவு

என் பழைய அம்பாசடரில் இண்டிகேட்டர் சுவிட்ச் கெட்டுப்போனதால், நேற்று நானே புதிது வாங்கி மாட்டினேன். மெக்கானிக்கிடம் விடச் சொன்ன என் மனைவி ஸ்டெல்லாவைக் கேலிகூடச் செய்தேன்.

இன்று காலை இருவரும் முட்டத்துக்குப் போனோம். சர்ச்சுக்குத் திரும்பும் இடத்தில் வலது சிக்னல் போட்டுத் திருப்பினேன். பின்னால் வந்த ஆட்டோ வலப்பக்கமாக முந்த வந்து காரில் இடித்தது. ஆட்டோ ஓட்டியவருக்கு முழங்கையில் ரத்தம்.

"எடது சிக்னலுல்லா போட்டிருந்திய அண்ணாச்சி?" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். இடப்பக்க விளக்குதான் மின்னிக்கொண்டிருந்தது. வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆட்கள் ஓடி வருவதற்குள் காருக்குள் கையை விட்டு அணைத்துவிட்டேன்.

"வலதுதான் போட்டேன்," என்றேன்.

கூட்டம் என் நரையைப் பார்த்து நம்பிவிட்டது. "வயசான மனுசன் பொய்யா சொல்லுவாரு? பாத்து ஓட்டப்பிடாதாலே?" என்று அவரை ஏசினார்கள். கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான்தான் சரியா பாக்கல்ல போல. மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றார்.

"சாரமில்ல மக்கா, பரவாயில்ல," என்று அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

காருக்குள் இருந்த ஸ்டெல்லா என் கை நுழைந்ததைப் பார்த்தவள். மாலையில் நான் வயர்களைச் சரிசெய்தபோது அருகில் வந்து நின்றாள்.

"அந்த ஆளு வீட்டுல போயி என்ன சொல்லியிருப்பாரு?"

தன் தப்பு என்றுதான் சொல்லியிருப்பார்.

நாளை காலையில் முட்டம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அவரும் மற்ற எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும்.