இருவர் படுக்கும் கட்டில்

தூரின் நகரம்

அன்புள்ள டோரினா,

நலமா? அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரே அறையில் உடன் தங்கியிருந்த கூட்டாளிகளை விட்டு, அதே கட்டடத்தின் மாடியில் தனி அறைக்கு மாறிவிட்டேன். இருவர் படுக்கும் கட்டில் கொள்ளுமா என்று, அந்த அளவுக்குத் தரையில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா கிராசியெல்லா எட்டிப் பார்த்தார்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிசு? மேசைய எங்க போடுவே?"

"பொண்டாட்டி வர்றாம்மா."

"மூணு வருஷமா இதையேதான் சொல்றே!"

சிரித்து வைத்தேன். மேசையை விட்டுவிட்டுக் கட்டிலை வாங்கிவிட்டேன். ஜன்னலோரம் நின்றபடி சாப்பிட்டுக்கொள்கிறேன்.

நீ கொண்டுவரப்போகும் பெட்டியின் உயரத்தை அளந்து எழுது. கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். நீ படுத்துக்கொண்டு படிக்க விளக்கு மாட்டப்போகிறேன். முன்பெல்லாம் நீ எனக்கு இடப்பக்கம் படுப்பாயா, வலப்பக்கமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் இலியே