பின் கதவைப் பற்றி அப்பாவுக்கு

வெள்ளவத்தை,
14.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கார் மட்டும் சற்று நலமில்லை. முன் பம்பரில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஆனால் அது நடந்த விதத்தை அம்மா தொலைபேசியில் இரண்டே வசனத்தில் முடித்துவிட்டார். அது அநியாயம்! அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை டியூஷன் முடிந்து அம்மாவோடு காரில் வரும்போது பம்பலப்பிட்டியிலிருந்தே காலி வீதியில் ஒரே நெரிசல். கையில் புத்தகம் இல்லாததால் காரின் முன்பக்க லாச்சியைத் திறந்து காப்புறுதிக் கம்பனியின் கையேட்டை எடுத்து வாசித்தேன். நீங்கள் வாசித்திருக்கிறீர்களா, அப்பா? உண்மையிலேயே சுவாரசியமானது. விபத்து நடந்தால் பிழையை ஒப்புக்கொள்ளக் கூடாது, அந்த இடத்தில் காசு கொடுக்கக் கூடாது, படம் எடுத்துவிட்டுக் கம்பனியை அழைக்க வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன், விபத்து நடந்துவிட்டது!

எங்களுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள் காரணமே இல்லாமல் பிரேக் அடித்தது. அம்மா நிறுத்துவதற்குள் கார் அதில் லேசாக முட்டிவிட்டது. ஓட்டியவர் வலப்பக்கமாக விழுந்து, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். உடனே எங்கிருந்தோ ஒரு சாட்சி வந்தார். “அக்கா, பொலிஸ் வந்தா ரெண்டு பேருக்கும் கரைச்சல். டேங்க் நெளிஞ்சு போச்சு, ஏதும் குடுத்து இங்கயே முடிச்சிடுங்க” என்றார்.

அம்மா காசு எடுக்கக் கைப்பையைத் திறந்துவிட்டார். நான் இறங்கிப் போய் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டேங்கைப் பார்த்தேன். நெளிவுக்குள் துரு! இப்போது விழுந்த நெளிவில் துரு எப்படி வரும் என்று சத்தமாகவே கேட்டேன். “இந்தப் பிள்ளைக்கு என்ன வாய்!” என்றார் சாட்சி. நான் அவரையும் இலக்கத் தகட்டையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அம்மா கம்பனிக்கு அழைத்ததும், நடக்க முடியாதவர் எழுந்து, சாட்சியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்!

கம்பனியிலிருந்து வந்த இப்ஹாம் என்பவர் என் படங்களைப் பார்த்துச் சிரித்தார். போன மாதம் கொட்டாஞ்சேனையிலும் இதே இருவர்தானாம். “தங்கச்சி, படிச்சு முடிச்சிட்டு எங்கட கம்பனிக்கே வந்துடுங்க” என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது.

வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் பெரியதம்பி மாமா நேற்றுக் காரைப் பார்க்க வந்தார். நீங்கள் தோஹாவுக்குப் போவதற்கு முதல் நாள் கல்கிசையில் மதிலில் உரசி நெளிந்த பின் கதவையும் இந்த விபத்தோடு சேர்த்துக் காப்புறுதிப் படிவத்தில் எழுதச் சொன்னார். “எல்லாரும் செய்யிறதுதானே, பிள்ளை. கம்பனிக்கு என்ன குறையப் போகுது?” என்றார். உங்களோடும் கதைத்தாராம், நீங்களும் ஓம் என்றீர்களாம். வேலை அவசரத்தில் அப்பா முழுதாகக் கேட்டிருக்க மாட்டார் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் போய்ப் பார்த்தேன். அந்த நெளிவுக்குள்ளும் துரு இருக்கிறது, அப்பா.

படிவத்தில் ஒரு பொய் இருந்தாலும் முழுக் கோரிக்கையும் தள்ளுபடியாகும் என்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நான் அதற்காக மட்டும் எழுதவில்லை. காலி வீதியில் அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதரிடம் துருவைப் பற்றிக் கேட்டவள் நான்.

கார் உங்கள் பெயரில் இருப்பதால் படிவத்தில் நீங்கள்தான் கையொப்பமிட வேண்டும். அதை தோஹாவுக்குத் திரும்பும் ஆகில் அங்கிளிடம் மோர்மிளகாயோடு கொடுத்து விடுகிறோம். மற்றதெல்லாம் நானே நிரப்பிவிட்டேன். ‘சேதமடைந்த பாகங்கள்’ என்ற இடத்தில் ‘முன் பம்பர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதன் கீழே இரண்டு வரிகள் வெறுமையாக இருக்கின்றன. கையொப்பமிடும் முன், அவற்றின் குறுக்கே உங்கள் பேனையால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், அப்பா.

படிவம் கூரியரில் திரும்பி வரும்போது உறையைப் பிரிக்கப்போவது நான்தான். உங்கள் கையெழுத்தைப் பார்க்கும் முன் அந்தக் கோட்டைத்தான் தேடுவேன்.

வெயிலில் தொப்பி போடாமல் வேலை செய்ய வேண்டாம்.

உங்களை எப்போதும் நம்பும் மகள்,
தனுஷியா