கோன் சாயாத வெளிச்சம்

என்னைத் திட்டவேண்டிய நேரத்தில்கூடச் சிரித்துவைத்த என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. நேற்று அண்ணன் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, "பொடவையெல்லாம் நீயே பாத்து எடுத்துக்க தனம்" என்றார். என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்பவள் நான்.

பெட்டியின் அடியில், பேப்பரில் சுற்றி, எங்கள் பீங்கான் பட்டறையின் கோன் ஒன்று இருந்தது. சூளைக்குள் பொம்மைகளோடு நிற்க வைப்போமே, சுண்டுவிரல் அளவு மண்கூம்பு. சூடு சரியாக ஏறினால் அதன் தலை சாய்ந்துவிடும். இது சாயாத கோன். எந்தக் கோன் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் காலேஜ் லேபில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி, ஒரு குழாயைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாரே, மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்த வாரத்துக் கோன். நீங்கள் பாடம் எடுத்த அஞ்சாம் வகுப்பில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினீர்கள். லேசராம். என் மகள் கலா வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அத்த சொன்னாங்கம்மா, வெளிநாட்டுல இத வச்சுத்தான் கண்ணுக்குள்ள கிழிஞ்சத ஒட்டறாங்களாம். வைரத்துல ஓட்ட போடறாங்களாம். பூமில குழா நேரா போவுதான்னு பாத்துப் பொதைக்கிறாங்களாம். கடையில சாமான் மேல இருக்குற கோட்டப் படிச்சு வெலகூட சொல்லுதாம்!"

"ஏன், கடக்காரருக்கு வாயில்லியா?" என்றேன்.

"ஆனா அந்த லைட்ட நேராப் பாக்கக் கூடாதாம். கண்ணு கெட்டுடுமாம்."

இது போதாதா எனக்கு? மறுநாள் காலையில் கலாவின் கண் செக்கச்செவேல் என்று சிவந்து நீர் கொட்டியது. சூளை வேலைக்காரிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம் சிவந்தால் சூடு. எங்கள் சூளைக்காரர் ஓட்டை வழியாக நிறத்தைப் பார்த்தே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவார். பிள்ளை கண்ணைச் சுட்டுவிட்டு, ஒட்டறாங்களாம் ஓட்டை போடறாங்களாம் என்று கதையா விடுகிறீர்கள் என்று கொதித்துக்கொண்டே, பட்டறைப் புடவையோடு, கோனும் கையுமாக ஸ்கூலுக்கு வந்தேன்.

"இத அந்த வெளிச்சத்துல வைங்க அண்ணி. சாயுதா இல்லியான்னு பாத்துடலாம்."

உங்களுக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "பசங்களா, இவங்க ஒரு சோதனை செய்யப் போறாங்க, பாருங்க" என்று கோனை மேஜைமேல் நிறுத்தினீர்கள். மணி அடிக்கும்வரை சிவப்புப் புள்ளி அதன்மேலேயே இருந்தது. கோன் அசையவில்லை. "தொட்டுப் பாரு தனம், சுடுதா?" என்றீர்கள். சுடவில்லை. "வெளிச்சம் வர்ற வழியப் பாக்கறியா? உன் முந்தானைய ஒதறு." உதறினேன். மண்தூசி பறந்த இடத்தில் குழாயிலிருந்து சுவர்வரை பட்டத்துநூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும், என் அழுக்கை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிவிட்டீர்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே கல்வி ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது. இடது கையால் எழுதினேன், அண்ணி. நான்தான்.

"டீச்சர் பிள்ளைகள் கண்ணைச் சுடுகிறார். அது போலிக் கருவி, கோன்கூடச் சாயவில்லை." சுடுகிறது என்றும் சுடவில்லை என்றும் ஒரே கடிதாசியில்! என் புத்தி அவ்வளவுதான். ஆனால் அது எமர்ஜென்சி சமயம், மொட்டைக் கடிதாசிக்கும் ஆபீசில் நாற்காலி போட்டார்கள். நாலாம் நாள் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கண் சிவந்தது. வெறும் மெட்ராஸ் ஐ. கலாவுக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. போட்ட கடிதாசியைத் திரும்ப வாங்க முடியுமா?

விசாரணை வந்தது. உங்களைத் திட்டக்குடிப் பக்கம் மாற்றினார்கள். மூன்று வருஷம் விடியற்காலை பஸ். அண்ணன், "எந்தப் பாவி எழுதுனானோ" என்று புலம்பியபோது, "அவன் கையி வெளங்காதுண்ணே" என்று நானும் சேர்ந்து சபித்தேன். நீங்கள் காபி டம்ளரோடு என்னையே பார்த்தீர்கள். கடைசியில் மஞ்சள் காமாலை வந்தது. அந்த அலைச்சல்தான் உங்கள் உடம்பைத் தின்றதா? டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

கோனைச் சுற்றியிருந்த பேப்பர் உங்கள் பாடக்குறிப்பு. "லேசர் ஒளியில் கோன் சாயவில்லை. சிவப்பாக இருப்பதெல்லாம் சூடு அல்ல. சோதனை செய்தவர்: என் நாத்தனார் தனம். பிள்ளைகளும் இவரைப்போல் சோதித்துப் பார்த்தபிறகே நம்பவேண்டும்."

விசாரணையில் அந்தக் கடிதாசியை உங்களிடம் காட்டினார்களாம். அண்ணன் நேற்றுத்தான் சொன்னார். அதில்தான் கோன் பேச்சு இருந்ததே! அந்த வகுப்பில் பிள்ளைகளை விட்டால் நீங்களும் நானும்தான். அப்படியானால் உங்களுக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பொங்கலுக்கு எனக்குப் புடவை எடுத்தீர்கள். மன்னித்துவிட்டீர்களா? இல்லை, என்றைக்காவது என் முகத்தில் எறியத்தான் இந்தக் கோனைப் பத்திரப்படுத்தினீர்களா? பாருங்கள், உங்கள் நல்ல மனசையும் சந்தேகப்படுகிறேன். அண்ணனுக்கும் தெரியுமோ? தெரிந்துதான் என்னைப் பெட்டி பார்க்கச் சொன்னாரோ?

கலா இப்போது எட்டாவது படிக்கிறாள். "அத்தைய ஏம்மா மாத்துனாங்க?" என்று இன்னும் கேட்கிறாள்.

நாளைக் காலையில் அண்ணனையும் கலாவையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுவேன். இனி என் வூட்டுப் படி ஏறாதே என்று அண்ணன் சொன்னாலும் சரி. அப்புறம் இதையே கல்வி ஆபீசில் கொடுத்து, உங்கள் ஃபைலில் அந்தக் கடிதாசிக்கு மேலே வைக்கச் சொல்வேன். வைக்கும்வரை அங்கேயே நிற்பேன். அவர்கள் வைத்தோம் என்றாலும் நம்பமாட்டேன், கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இதை வலது கையால் எழுதியிருக்கிறேன், அண்ணி. பெயரும் போட்டிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
தனம்