அர்பாபின் சின்னத் துப்பாக்கி

நவம்பர் 7, வியாழன்

வண்டியைக் கழுவி முடித்த கையோடு மணல்காற்று வந்து முழுசாகப் பூசிவிட்டுப் போனது. மறுபடி கழுவினேன். காற்றுக்கும் எனக்கும் மாறி மாறி டூட்டி.

சாயங்காலம் அர்பாபைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். முதலாளியை இங்கே அர்பாப் என்றுதான் கூப்பிட வேண்டும். வியாழன் என்றால் அவருக்குத் துப்பாக்கி கிளப். போலீசிலிருந்து ரிட்டயரான பெரியவர்கள் நாலைந்து பேர் கூடி, தகர டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடுவார்கள். யார் குறைவாக விழுத்தாட்டுகிறாரோ அவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் கஹ்வா என்கிற அரபுக் காப்பியை ஊற்ற வேண்டும். இந்த ஊரில் கஹ்வா ஊற்றுவது வயசில் சின்னவன் வேலை. நரைத்த தாடியோடு ஊற்ற வேண்டி வந்தால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான்.

கோடையில் அர்பாபுக்கு வலது தோளில் ஆபரேஷன். அவருடைய பெரிய ரைபிள் உதைக்கிற உதையை இனி அந்தத் தோள் தாங்காது. அதனால் சுடுவதில்லை. சுடாதவருக்கு ஏது டப்பா? வாராவாரம் அவரே ஊற்றுகிறார்.

இன்றைக்கு மத்தார் கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தார். அர்பாபோடு ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வந்த புதிதில் இது தெரியாமல் நான் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டேன். மத்தாருக்குத் தெரியாதா என்ன? வேண்டுமென்றே ஆட்டவில்லை.

"உபைத், துப்பாக்கி பிடிக்கிறதவிட உனக்கு இது நல்லா வருது. இதையே வச்சுக்கோ" என்றார் அர்பாபிடம். எல்லாரும் சிரித்தார்கள். அர்பாபும் சிரித்தார். பல் மட்டும்.

திரும்பி வரும்போது ரோடு முழுக்க ஜன்னலைப் பார்த்தே வந்தார். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "கார், அடுத்த வாரம் கிளப் மாஃபி." மாஃபி என்றால் இல்லை.

கார்மேகம் என்ற பேர் அவர் வாயில் முழுசாக நுழைந்ததே இல்லை. டிரைவருக்கு 'கார்' போதும் என்று நிறுத்திவிட்டார்.

"ஏன் அர்பாப், கஹ்வாத்தூள் தீந்துபோச்சா?" என்றேன். எப்போதும் திருப்பி ஏதாவது சொல்வார். இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 9, சனி

வீட்டில் சமைக்கிற பாஹிமா மீன் ஆணம் வைத்தாள், அவள் ஊரில் குழம்புக்கு ஆணம் என்று பேர். அதைத் தவிர இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. அதுவே போதும்.

நவம்பர் 14, வியாழன்

கிளப் இல்லை. இஸ்திரி போட்ட கந்தூரா, அவருடைய நீள வெள்ளை அங்கி, அப்படியே கொடியில் தொங்குகிறது. அர்பாப் விருந்தாளிகளை உட்காரவைக்கிற மஜ்லிஸில் டிவி முன்னால் உட்கார்ந்து ஒட்டகப் பந்தயம் பார்த்தார். சத்தத்தைக் கூட வைக்கவில்லை. சத்தமில்லாத ஒட்டகத்தை எவன் பார்ப்பான்?

அர்பாபின் மூத்த மகன் ராஷித் கேட்டில் என்னை நிறுத்தினார். "பாபா எங்கயும் போறதில்லையே, நீ பகல் முழுக்க என்ன செய்யிற?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, "வண்டிக்குத் துணைக்கு இருக்கேன்" என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. அர்பாப் வெளியே போகலன்னா எனக்கு இங்க என்ன வேல? மீசை கறுப்பா இருந்தப்ப வந்தவன். இப்ப போய் எவன்கிட்ட நிக்கிறது — சரி, எழுதினால் பெரிசாகத்தான் தெரியும். படுக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற மலையாளி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கதவு திறந்துதான் இருந்தது, காது என்னுடையது, என்ன செய்ய? அந்தம்மா கேட்டது: "உதைக்காத சின்னத் துப்பாக்கி இருக்குமே? மேசையில சாய்ச்சு வச்சுச் சுடலாமே?"

வண்டியில் ஏறியதும் அர்பாப் பொரிந்து தள்ளினார். அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சுடுவது, குண்டு ஈச்சங்கொட்டை அளவு கூட இருக்காது, மத்தார் சிரித்தே செத்துப்போவான்.

"அவர் செத்தா நல்லதுதானே, ஒரு கோப்பை மிச்சம்" என்றேன். "நீங்க சுடப்போறது டப்பாவ. குண்டு சின்னதா பெரிசான்னு டப்பா கேக்குமா?"

அவர் பேசுவது பாதி இந்தி, பாதி அரபி. நான் பேசுவதும் அதே லட்சணம். ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு பாஷை வரும். ஆனால் 'கிறுக்கன்' என்பதை மட்டும் சுத்தமான அரபியில் சொல்வார். இன்றைக்கு ரெண்டு தடவை சொன்னார். மனசு லேசாகிவிட்டது.

நவம்பர் 23, சனி

துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கூட்டிப்போகச் சொன்னது அவர்தான். நான் வாயே திறக்கவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைக்காரர் சூடான்காரர், நல்ல உயரம். முதலில் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த ரைபிள் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தப் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். வலது கையைத் தூக்கும்போதே அர்பாபின் முகம் சுருங்கியது. வைத்துவிட்டார்.

அடுத்து லிவர் ரைபிள் மூன்றை மேசையில் பரப்பினார். விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி. அதைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே குதிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். 'சடக் சடக்'. கேட்கவே நன்றாக இருந்தது.

மூன்றில் ஒன்றுக்கு நடுப்பாகம் முழுக்கப் பித்தளை. குத்துவிளக்கு மாதிரி மின்னியது. "அர்பாப், இதுதான். இதப் பிடிச்சீங்கன்னா கௌபாய் படம் மாதிரி குதிரை தானா வந்து நிக்கும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். அர்பாபும் ஆசையாகத் தடவிப் பார்த்தார். ரெண்டாவது அதே அளவு நீளம், பித்தளை இல்லாமல் மரமும் இரும்புமாக இருந்தது. மூன்றாவது நீளத்தில் கொஞ்சம் கட்டை. கறுத்து, கடையில் வேலை செய்கிற பையன் மாதிரி இருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்குப் பின்னாலேயே சுடுகிற இடம். பித்தளையைக் கொண்டுபோய் வலது தோளில் வைத்தார். எடை கூட. லிவரைத் தள்ள முழங்கை விரிய வேண்டியிருந்தது. விரிக்கும்போதெல்லாம் "உஃப்" என்றார். உதை இல்லைதான்; ஆனால் தோளைத்தான் அசைக்க முடியவில்லையே. குண்டெல்லாம் எங்கே போனதென்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். குறிக்கு வைத்த அட்டை புதுசாகவே திரும்பி வந்தது.

"கலாஸ்" என்றார், அவ்வளவுதான் என்று. வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பளபளப்பைப் பார்த்து அவரை ஏத்திவிட்டவன் நான்தான். எனக்குத் தெரிந்த துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி. எனக்கு எதற்கு இந்த வேலை?

நவம்பர் 25, திங்கள்

ராஷித் வண்டியின் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எதற்கென்று சொல்லவில்லை. விற்கப்போகிறாரோ என்று வண்டியை இன்னொரு தடவை துடைத்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மஜ்லிஸுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வீட்டில் அர்பாப்தான் ஊற்றுவார், விருந்தாளிக்கு வீட்டுக்காரர் ஊற்றுவது கௌரவமாம், யாரையும் விடமாட்டார். நான் பேரீச்சம்பழத் தட்டோடு ஓரமாக நின்றேன்.

எத்தனையோ தடவை பார்த்ததுதான், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இங்கே கஹ்வா கூஜாவை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். தல்லா என்பார்கள். கோப்பையை வலது கையால் கொடுக்க வேண்டும். மாற்றினால் அவமரியாதை. நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். வந்த முதல் வருஷம் கோப்பையை இடது கையால் நீட்டிவிட்டு அர்பாபிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஊரில் வாத்தியாரிடம் வாங்கியது கையில் இருக்கிறது. அவர் பிரம்பைக் கீழே வைக்கவில்லை, நான் ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டேன். அம்புட்டுதான் என் படிப்பு, எழுத்தெல்லாம் அப்புறம் நானாகப் பழகினது.

அர்பாபின் இடது கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூஜாவை உயரத் தூக்கி, நூல் மாதிரி இறக்குகிறார். கோப்பையோ கோழிமுட்டை அளவு. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நடுக்கமே இல்லை. பேச்சு வேறு பக்கம், பார்வை வேறு பக்கம், கை மட்டும் தன் வேலையைச் செய்கிறது.

விருந்தாளிகள் போனதும் சொன்னேன்: "அர்பாப், துப்பாக்கிய இந்தக் கையில பிடிச்சா என்ன? டப்பாங்கிறது தூரத்தில வச்ச கோப்பைதானே."

முறைத்தார். "இடது கையிலயா? நான் என்ன, நீயா?"

அடுப்படிக்கு வந்து பாஹிமாவிடம் சொன்னேன். அவள் இலங்கை, கல்முனைக்காரி, என்னைத் திட்ட ஒரு சந்தர்ப்பத்தையும் விடமாட்டாள். "உங்கட வாயாலதான் உங்கட டிக்கட்ட நீங்களே எடுக்கப்போறீங்க அண்ணன்" என்றாள். பிறகு, "ஆனாலும் நீங்க சொன்னதும் சரிதான். ஹாஜியார்ட இடது கை கல்லு மாதிரி" என்றாள். ரெண்டாவதை மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் மஜ்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அர்பாப் கைத்தடியை இடது தோளில் வைத்து, வலது கண்ணை மூடி, பாஹிமாவின் துணிக்கூடையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார். "யல்லா, வண்டியத் தொடை."

ஏற்கெனவே துடைத்த வண்டி. சந்தோஷமாகத் துடைத்தேன்.

நவம்பர் 30, சனி

மறுபடி கடை. பக்கப்பிடி ரைபிளைச் சூடான்காரரே உள்ளே வைத்துவிட்டார். பிடி வலது பக்கம் இருப்பதால் இடது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குத் தோதுப்படாது. லிவர் நட்டநடுவில் கீழே இருக்கிறது. அதற்கு வலதுமில்லை இடதுமில்லை, யார் வந்தாலும் வா என்கிறது. காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கிறது, முகம் இடப்பக்கம் இருப்பதால் தொந்தரவில்லை.

மேசையில் மணல்பையைப் போட்டு, வலது கையை அதன்மேல் சும்மா சாய்த்துவிட்டார். தோளைத் தூக்க வேண்டியதே இல்லை. வேலையெல்லாம் இடது கைக்கு.

நான் சும்மா இருப்பேனா? "பித்தளையக் கேளுங்க அர்பாப்." கேட்டார். லிவரைத் தள்ளும்போது மொத்தத் துப்பாக்கியும் மணல்பையிலிருந்து எழுந்து ஆடியது. மரம் போட்ட ரெண்டாவதும் அப்படித்தான். ஒவ்வொரு குண்டுக்கும் மறுபடி முதலிலிருந்து குறி பார்க்க வேண்டியிருந்தது.

கறுத்த கட்டையனை எடுத்தார். அதன் லிவர் கொஞ்சூண்டு அசைந்தால் போதும், மணிக்கட்டு வேலைதான். கூஜாவைச் சாய்த்து நிமிர்த்துகிற அசைவு. துப்பாக்கி மணல்பையை விட்டு நகரவே இல்லை. முதல் குண்டு அட்டையின் ஓரத்தில். அடுத்தது கொஞ்சம் உள்ளே. அப்புறம் நடுவில் ஓட்டை விழ ஆரம்பித்தது. அவர் மூச்சு விடுகிற சத்தமே மாறிவிட்டது.

"நீயும் இடதுகைதானே, வா" என்று என்னை உட்காரவைத்தார். சூடான்காரரும் சரி என்றார். சுட்டேன். அட்டையை மாட்டியிருந்த மரச்சட்டத்தில் ஒன்று பட்டது. மற்றதெல்லாம் துபாய் பக்கம் போயிருக்கும்.

"கார்" என்றார் அர்பாப், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நீ வண்டி மட்டும் ஓட்டு."

கட்டையனை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். பித்தளையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நல்ல அழகு. வீட்டுக்கு உதவாத அழகு.

டிசம்பர் 12, வியாழன்

பெர்மிட் பேப்பர் இன்னும் வரவில்லை. தினமும் கடைக்குப் போய் அங்கேயே சுட்டுப் பழகுகிறார். கிளப்பில் யாருக்கும் சொல்லக்கூடாதாம். என்னிடம் போய் ரகசியம் காக்கச் சொல்கிறார்.

டிசம்பர் 20, வெள்ளி

லீவு. நம்ம ஆட்கள் கூடுகிற ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். இடித்துத் தள்ளுகிற கூட்டம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தால் அர்பாப் போன் பண்ணுகிறார். "எங்க இருக்க? பெர்மிட் வந்துடுச்சு. கடைக்குப் போகணும்."

"இன்னைக்கு எனக்கு லீவு அர்பாப்."

"எனக்கு லீவு இல்ல."

போனேன். ராஷித்தான் தன் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றாராம். இவர் முடியாது என்றுவிட்டாராம். 'கட்டையன் எப்படி இருக்கணும்னு கார்மேகத்துக்குத்தான் தெரியும்' என்றாராம். முழுப் பேரையும் சொன்னார் என்று பாஹிமா சத்தியம் பண்ணுகிறாள். நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

கிளப்பில் நல்ல குளிர். கம்பளிச் சால்வையைப் போர்த்தி இறக்கிவிட்டேன். கட்டையனைப் பார்த்ததும் மத்தார் ஆரம்பித்துவிட்டார். "என்ன உபைத், பேரனோடத எடுத்து வந்துட்டியா? அழப்போறான் பாவம்." இடது தோளில் வைத்ததும் இன்னொரு பாட்டம் சிரிப்பு.

அர்பாப் மணல்பையைச் சரிசெய்தார். டப்பாக்கள் மூன்று வரிசை. நான் வண்டிக்குப் போகாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதல் டப்பா தவறியது. மத்தார் கைதட்டினார். அப்புறம் சடக், டிங். சடக், டிங். பெரிய ரைபிள் மாதிரி இடி இல்லை. தட்டில் கரண்டி பட்ட மாதிரி ஒரு சத்தம். வரிசையில் ஒரு டப்பா விழும், லிவர் அசையும், அடுத்தது விழும். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கடைசி வரிசையில் இன்னொன்று தவறியது, அதற்கு யாரும் கைதட்டவில்லை.

மத்தாருக்குக் காற்று சரியில்லையாம். துப்பாக்கியில் குறி பார்க்கிற முனையும் சரியில்லையாம். இன்றைக்கு எல்லாரையும்விடக் குறைவு அவருக்குத்தான்.

தல்லாவை நான்தான் கொண்டுபோய் மத்தார் கையில் கொடுத்தேன். இடது கையில் பிடியுங்கள் என்று மரியாதையாக ஞாபகப்படுத்தினேன். முறைத்துவிட்டு ஊற்றினார். அர்பாப் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து வாங்கிக் குடித்தார். மறுபடி நீட்டினார். மத்தார் ஊற்றினார். மறுபடி நீட்டினார்.

"உபைத், உனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார் மத்தார்.

"வரலன்னா பரவாயில்ல" என்றார் அர்பாப்.

கோப்பையை ஆட்டவே இல்லை.