ட்ராவா ஆற்றுப் பக்க ஜன்னல்

பெட்டியைத் திறந்ததும் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை முகத்தில் அடித்தது. பூசணி விதை எண்ணெய் பாட்டிலின் மூடி தளர்ந்து, என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரும்பச்சை. வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். நேற்று நான் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெனிலா ஐஸ்கிரீம் மேல் இந்த எண்ணெயை ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்று நீ சொன்னபோது, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தேன். அந்த ஊரிலேயே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் டி. நீ சொன்னது சரி. நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அமெரிக்காவில் நம் ஃபிரிஸ்கோ ஊர்த் தமிழ்க் கூட்டத்தில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் உன்னிடம்தான் வருவார்கள். ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு பாட்லக்கிலும் இதே கதை. கையில் புளியோதரைத் தட்டோடு ஒருவர் வந்து பாரிஸ், ஸ்விஸ், ரோம் என்று ஆரம்பிப்பார். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "ஈஃபில் டவர் எங்கயும் ஓடிப்போகாதுங்க. ஸ்லோவேனியால ப்டூய்னு ஒரு சின்ன ஊரு, அங்க போங்க. ஆத்துப் பக்க ஜன்னல் இருக்கிற ரூமா கேளுங்க," என்பாய். அப்புறம் உன்னை நிறுத்த முடியாது. குன்றின் மேல் கோட்டை, சிவப்பு ஓட்டுக் கூரைகள், குளிர்காலம் முடியும்போது ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மணி கட்டிக்கொண்டு குதித்து வரும் ஆட்கள். எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் மாலை வெயில் முதுகில் விழும் என்பது வரை சொல்வாய்.

கம்பெனி அனுப்பி லண்டனில் ஆன்சைட் இருந்த காலத்தில் வாரக் கடைசிகளில் சுற்றினேன் என்றாய். நம்பினோம். அமெரிக்கா வந்த பிறகு நீ எல்லை தாண்டவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. வெளியே போனால் விசாவுக்குத் தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பிங் வாங்கித்தான் உள்ளே வர முடியும். உன் ஆபீஸில் ஒருவர் சென்னைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டதிலிருந்து உனக்குக் குலைநடுக்கம். சொந்தத் தம்பி கல்யாணத்தையே லேப்டாப்பில்தான் பார்த்தாய், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. பழைய பயணங்களைப் பேசிப் பேசியே மனதைத் தேற்றிக்கொள்கிறாள், பாவம் என்று நினைத்தேன்.

போன டிசம்பரில், காலையில் குழந்தைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு, சாயந்திரம் வாக் போகலாமா என்று எனக்கு மெசேஜ் போட்டாய். மதியம் உன் கணவரிடமிருந்து போன் வந்தது. மாரடைப்பு என்றார். எனக்கு அழுகை வரவில்லை. போலாம் என்று நான் அனுப்பிய பதிலை நீ பார்க்கவில்லையே என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

அதனால்தான் இந்தக் கோடையில் ப்டூய்க்குக் கிளம்பினோம். நீ நடந்த தெருவில் நடந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று பட்டது. வியன்னாவில் இறங்கி, கார் எடுத்தோம். ஆஸ்திரியா எங்கே முடிந்தது, ஸ்லோவேனியா எங்கே ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. நீ சொன்ன அதே விடுதி, அதே ஆற்றுப் பக்க அறை. விடுதிக்கார அம்மாவிடம் உன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் போனில் இருந்த உன் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வாங்கி, பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுதான் அவர் முகமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவர் இங்கே வந்ததே இல்லையே."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். லண்டனிலிருந்து அறை பதிவு செய்தாயாம், விசா கிடைக்கவில்லை என்று ரத்து செய்தாயாம். அதற்குப் பிறகு வருடா வருடம் போனில் கூப்பிட்டு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்த மரம் பூத்திருக்கிறது என்று கேட்பாயாம். மணி கட்டிய ஆட்கள் தெருவில் வரும்போது, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்வாயாம். இந்த வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஏன் அவர் ஒரு தடவைகூட வரவில்லை என்றார். ஸ்டாம்பிங் என்றால் என்னவென்று அவருக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை.

அறைக்கு வந்ததும் உன்னைத் திட்டினேன். பொய்க்காரி என்று வாய்விட்டே சொன்னேன். ஊருக்கே கதை விட்டாய், போகட்டும். தினமும் கூட நடந்த என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நீ எனக்குச் சொன்னதில், அந்தப் போர்ச்சுகல் பேக்கரி உட்பட, எது நிஜம், எது கதை என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? வீட்டுக்காரர், "விடு மா, அவ யாருக்கு என்ன கெடுதல் பண்ணா?" என்றார். என்னால் விட முடியவில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எல்லோரிடமும் இதைப் போட்டு உடைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் அந்தப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். வெயில் முதுகில் விழுந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

இன்று மதியம் பாட்லக். உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க இப்பதான் யூரோப் போயிட்டு வந்தீங்களாம். நாங்க ஸ்பிரிங் பிரேக்ல பாரிஸ் பிளான் பண்றோம்," என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் வாய் வரை வந்துவிட்டது.

என் கை தானாகப் போய்த் தலையில் அடித்துக்கொண்டது.

"பாரிஸ் எங்கயும் ஓடிப்போகாது மா. போர்ச்சுகல்ல அமராந்தேன்னு ஒரு ஊரு இருக்கு. ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு சின்ன பேக்கரி, வெளியில உக்காந்து சாப்பிடணும்," என்றேன்.

"நீங்க போயிருக்கீங்களா அக்கா?"

"நான் போனதில்ல," என்றேன். "என் ஃப்ரெண்ட் போயிருக்கா."