வக்கீல் இல்லாதவள் மேல்முறையீட்டை மூன்று முறை திருப்பியது குறித்து

அனுப்புநர்:
க. தாட்சாயிணி (வயது 41),
க/பெ கலியமூர்த்தி,
வானகரம்.

பெறுநர்:
மாவட்ட நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்.

பொருள்: வக்கீல் இல்லை என்பதால் என் மேல்முறையீட்டை வாங்காமல் கெடு கடத்தியது – விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்கிறேன். என் கணவர் பக்கவாதத்தால் நடக்க முடியாதவர். எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே பாதையை, பக்கத்தில் மனை போட்டு விற்கும் பாஸ்கரன் என்பவர் தன் மனையில் சேர்த்துச் சுவர் எழுப்புகிறார். வழக்குப் போட்டேன். மார்ச் மாதம் முன்சீப் கோர்ட்டில் தோற்றேன். என் வக்கீல் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார். வேறு வக்கீல் வைக்க வசதியில்லை. நானே மேல்முறையீடு எழுதினேன். 17.4.1991 வரை அவகாசம் இருந்தது.

2. 25.3.1991 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனு வாங்கும் எழுத்தர், "வக்கீல் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டோம்மா" என்றார். அப்படி விதி உண்டா என்று கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். 1.4.1991 அன்று ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பினார். விட்டு எழுதி 8.4.1991 அன்று கொண்டுபோனேன். டைப் அடித்து வா என்றார். எல்லாக் குறையையும் முதல் நாளே ஏன் சொல்லவில்லை? ஒரு முறைகூடத் தேதி போட்டுத் தரவில்லை. குறைகளை மனுவின் ஓரத்தில் பென்சிலில் மட்டுமே கிறுக்கினார்.

3. 8.4.1991 அன்று எதிர்தரப்பு வக்கீலின் குமாஸ்தா அந்த எழுத்தரின் மேஜையருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பஸ் பிடித்து வீடு சேருமுன் பாஸ்கரனின் மேஸ்திரி வந்து என் கணவரிடம், "இன்னா நைனா, அப்பீலு திரும்பி வந்துட்ச்சாமே?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு யார் சொன்னது?

4. அதன்பின் நான் அங்கு நேரில் கொடுக்கவில்லை. டைப் அடித்து, தீர்ப்பு நகலுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்ட அட்டை நீதிமன்ற முத்திரையுடன், 12.4.1991 தேதியிட்டு எனக்கு வந்தது. 18.4.1991 அன்று போய் விசாரித்தபோது, தபால் எதுவும் வரவில்லை, கெடு முடிந்தது என்றார் எழுத்தர். அட்டையைக் காட்டியதும் அவர் குரல் இறங்கியது. "அத்த குடும்மா, உள்ள போய் பாத்துட்டு தரேன்" என்றார். "என் கையிலயே வெச்சிக்கினு காட்றேன், பாருங்க சார்" என்றேன். "என்னியே நம்ப மாட்டியா?" என்று கேட்டார். நான் அட்டையைக் கொடுக்கவில்லை.

5. சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. சென்ற வாரம் என் கணவருக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவும் அவரை நாற்காலியோடு சுவருக்கு மேல் தூக்கிக் கடத்தினோம். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. திறப்பதற்குள் சுவர் தலைக்கு மேல் போய்விடும். அதற்காகவே இழுத்தடிக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன்.

6. ஆகவே, என் மேல்முறையீட்டை 12.4.1991 அன்று வந்ததாக ஏற்று, முடிவு தெரியும்வரை சுவர் வேலையை நிறுத்த வேண்டுகிறேன். வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கோர்ட் சுவரில் எழுதி ஒட்டவும், மனு கொண்டுவந்த தேதிக்குச் சீட்டு தரவும் உத்தரவிட வேண்டும்.

இந்த மனுவை விளக்கம் கேட்டு அதே எழுத்தருக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மனு எழுதித் தருபவரும் அந்தக் கோர்ட் வாசலிலேயே உட்காருகிறவர் என்பதால் நானே கைப்பட எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். விடுமுறைக்கு முன் திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான் இருக்கிறது. இரண்டு நாளும் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். காலையிலிருந்து தங்கள் அறை வாசலில் நிற்பேன்.

இடம்: வானகரம்
நாள்: 26.4.1991

இப்படிக்கு,
க. தாட்சாயிணி

இணைப்பு: தபால் அட்டையின் ஜெராக்ஸ் மட்டும்.